ஆலைக்குப் போகாத கரும்பு

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால், கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், ஆலங்குடி வழியாக நீடாமங்கலம் போகும் சாலையில் வைக்கோல் லாரிகளுக்குப் பின்னால்தான் பேருந்துகள் ஊர்ந்து போக வேண்டியிருக்கும். அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாளை இன்னோர் இயந்திரம் வந்து சுருட்டிக் கட்டிப் போடுகிறது. அந்தக் கட்டுகள் கேரளம் வரைக்கும் பயணம் போகின்றன. இவ்வளவு வைக்கோல் விளைகிற சீமையில் மாட்டுக்குத் தீவனப் பஞ்சம் என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார். ஆனால் பஞ்சம் உண்மைதான். வைக்கோல் இருக்கிறது, பச்சை இல்லை.

நெல் வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. அதன் உலர் எடையில் புரதம் 3, 4 சதவீதம் தேறினால் அதிகம். மணல்சத்தான சிலிக்கா மிகுந்திருப்பதால் செரிப்பதும் கடினம். காவிரி டெல்டாவின் சொந்த இனமான உம்பளச்சேரி மாடு இந்த வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்றே தலைமுறை தலைமுறையாகச் சேற்று வயலில் ஏர் இழுத்தது. கன்றாக இருக்கையில் செவலையாகவும் வளர்ந்த பின் சாம்பலாகவும் நிறம் மாறும் அந்த மாடு, நாளுக்கு இரண்டு லிட்டர் கறந்தாலே வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. அதைப் பாலுக்காக யாரும் வளர்க்கவில்லை. இன்று கொட்டிலில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சி கலப்பு. காலையும் மாலையும் சேர்த்து எட்டு, பத்து லிட்டர் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பு நாலைந்து மடங்கு ஆகிவிட்டது. தொட்டியில் விழுவது அதே வைக்கோல்.

பச்சைக்கு ஏன் இந்தத் தட்டுப்பாடு? ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை, அதன்பின் சம்பா அல்லது தாளடி என்று ஆனியிலிருந்து தை வரைக்கும் நிலம் நெல்லுக்கே எழுதிவைக்கப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர். மாட்டை அவிழ்த்துவிட இடமில்லை. அறுவடைக்குப் பின் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறார்கள். பங்குனி, சித்திரையில் குடமுருட்டி ஆற்றில் மணல்தான் தெரியும். கம்பு நேப்பியர் வீரிய ஒட்டுப்புல் நட்டால் ஆண்டு முழுக்க அறுக்கலாம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது சரிதான். அதற்கு ஆண்டு முழுக்க நீரும், நெல்லை விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும். இரண்டாவது கிடைப்பது முதலாவதைவிடக் கடினம். கோடையில் தட்டுப்பாட்டைத் தீர்க்க வெளி மாவட்டங்களிலிருந்து காற்றுப் புகாமல் பதப்படுத்திய மக்காச்சோளத் தீவனம், அதாவது சைலேஜ், மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. லாரி வாடகையும் சேர்த்து அதற்கு விலை.

இந்த இடத்தில்தான் கரும்பு ஞாபகத்துக்கு வருகிறது.

டெல்டாவை நெல்லோடு மட்டும் சேர்த்துப் பேசுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் இங்கே கரும்புக்கும் நீண்ட வரலாறு உண்டு. தஞ்சை அருகே குருங்குளத்தில் அரசின் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை இருக்கிறது. பாபநாசம் வட்டத்தில் திருமண்டங்குடி ஆலை இருக்கிறது. அதே வட்டத்தின் வீரமாங்குடி அச்சு வெல்லத்துக்குப் பெயர்போனது. பொங்கலுக்கென்றே செங்கரும்பு போடுகிறவர்கள் தனி. இவற்றில் திருமண்டங்குடி ஆலையின் கதை தமிழகம் முழுக்கத் தெரிந்தது. ஆலை நொடித்து அரவை நின்றது. கரும்புக்குப் பணம் பாக்கி. விவசாயிகள் பெயரில் வங்கிக் கடன் வாங்கப்பட்டிருந்தது. 2022 நவம்பர் 30 அன்று ஆலைவாசலில் தொடங்கிய விவசாயிகளின் போராட்டம் ஆண்டைத் தாண்டியும் நீண்டது. ஓர் ஆலை தடுமாறினால் அதை நம்பிய கரும்புக்கு வேறு வழி தேட வேண்டும். வெட்டு உத்தரவு தள்ளித் தள்ளிப் போகையில் கரும்பு காய்ந்து எடை இழக்கிறது, காற்றில் சாய்கிறது, பூக்கிறது. பொங்கல் கரும்பின் நிலை இன்னும் மோசம். போகிவரைக்கும் கட்டு பேரம் பேசி விற்றது, காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கேட்பாரற்றுச் சந்தையோரம் கிடக்கும்.

அந்தக் கரும்பை நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டை கட்டி, கோடையில் பசுவுக்குப் போட முடியுமா? முடியும். ஆனால் சோளம், மக்காச்சோளம்போல அது சாதுவான பயிர் இல்லை. இரண்டு இடத்தில் காலை வாரும்.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடலாம். புல் எதுவானாலும் முற்ற முற்றத் தரம் குறையும். நாள் தவறினால் தண்டு கட்டையாகிவிடும். கரும்பு மட்டும் எதிர்த்திசையில் போகிறது. முற்றும்போது நாரும் ஏறுகிறது, கூடவே சர்க்கரையும் ஏறுகிறது. முற்றிய கரும்பின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அதாவது அறுக்கும் நாளைத் தள்ளிப்போட்டாலும் தீவனமாக அது பெரிதாகக் கெடுவதில்லை. விளைச்சலோ, தமிழ்நாட்டில் சராசரியே ஏக்கருக்கு 40 டன் பக்கம். பச்சை வறண்டுபோகும் மாதங்களில் நின்றபடியே காத்திருக்கும் தீவனக் கிடங்கு அது. மராத்வாடாவில் 2013, 2019 வறட்சிகளின்போது அரசு உதவியோடு நடந்த மாட்டு முகாம்களில் கரும்பையே நறுக்கிப் போட்டு மாடுகளைக் காப்பாற்றினார்கள்.

பிரேசிலில் இது வறட்சிக்கால வைத்தியமாக நிற்கவில்லை; அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே மழையில்லாத மாதங்களில் மேய்ச்சல் நிலம் காய்ந்துபோகும். அந்த நாட்டின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபா, 1980-களிலிருந்து சிறு பால்பண்ணைகளுக்கு எளிய முறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. 100 கிலோ நறுக்கிய கரும்புக்கு 1 கிலோ கலவை: ஒன்பது பங்கு யூரியா, ஒரு பங்கு அம்மோனியம் சல்பேட். மாடு பழகும்வரை முதல் வாரம் அதில் பாதி. மாட்டுத்தீவனத்துக்கென்றே ஐஏசி 86-2480 என்ற ரகத்தையும் கம்பினாஸ் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது.

அப்படியானால் அன்றன்றைக்கு வெட்டிப் போட்டுவிடலாமே, சைலேஜ் எதற்கு? ஆள் பிரச்சினைதான். தினமும் விடிகாலையில் கரும்பு வெட்டி, சுமந்து, நறுக்க ஓர் ஆள் வேண்டும். பிரேசிலில் தட்டிய இந்தக் கஷ்டம் வலங்கைமானில் இன்னும் பலமாகத் தட்டும். மேலும் ஒரே தடவையில் வயலை வெட்டி முடித்தால்தான் மறுதாம்பு சீராகத் துளிர்க்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் ஒரு வயலிலேயே மூன்று வயதுக் கரும்பு நிற்கும். ஆகவே மொத்தமாக வெட்டி, மொத்தமாகப் பதப்படுத்துவது என்று யோசித்தார்கள். அங்கேதான் கரும்பு முதல் தடவை காலை வாரியது.

சைலேஜ் என்பதைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் ஊறுகாய்ப்புல் என்று எழுதுகிறார்கள். பச்சையை நறுக்கி, இறுக மிதித்து, காற்றை வெளியேற்றி மூடினால், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள இனிப்பைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறியதும் அழுகவைக்கும் கிருமிகள் ஒடுங்கிவிடும். பிரான்சில் ஒகுஸ்ட் கோஃபார் என்ற பண்ணையார் மக்காச்சோளத்தை இப்படிச் சேமித்து 1877-இல் புத்தகமே எழுதினார். பசுந்தீவனத்தை அமிலமிட்டுக் காப்பதை ஆராய்ந்த பின்லாந்து வேதியியலாளர் ஆர்த்துரி விர்த்தனனுக்கு 1945-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுத்தீவனத்துக்கு நோபல் பரிசா என்று வியக்க வேண்டாம். ஆறு மாதம் பனி மூடும் நாட்டில் அது சோற்றுப் பிரச்சினை.

மக்காச்சோளத்தில் இனிப்பு அளவோடு இருக்கிறது. கரும்பிலோ வேண்டியதற்கு மேல் பல மடங்கு. லாக்டிக் பாக்டீரியா தன் பங்கைத் தின்று புளிப்பாக்கிவிட்டு ஓய்ந்த பிறகும் மிச்சமிருக்கும் சர்க்கரைமீது ஈஸ்ட் பாய்கிறது. ஈஸ்ட்டுக்குப் புளிப்பு ஒரு தடையே இல்லை. அது சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. வேதியியல் கணக்கு கறாரானது: 100 கிலோ குளுக்கோஸ் இப்படி நொதித்தால் 51 கிலோ எத்தனால் மிஞ்சும், 49 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மூட்டையைத் திறந்தால் நிறம் நன்றாக இருக்கும், வாசனைகூடக் கம்மென்று இருக்கும். புளிப்பும் சரியாக இருக்கும். ஆனால் பசுவுக்கு வேண்டிய சத்து காற்றோடு போயிருக்கும். எதையும் சேர்க்காமல் மூடிய கரும்பு சைலேஜில் உலர்பொருளின் நான்கில் ஒரு பங்குவரை காணாமல் போவதைப் பிரேசில் ஆய்வுகளில் மறுபடி மறுபடி பார்த்தார்கள். போகிற பங்கு சர்க்கரை, தங்குகிற பங்கு நார். மிஞ்சியதன் தரமும் குறைகிறது.

பசுவுக்குப் போதை ஏறுமா என்ற கேள்வி தவறாமல் வரும். பெரும்பாலும் ஏறாது. எத்தனாலில் பெரும்பகுதியை மாட்டின் முதல் வயிறான அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அசெட்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. அதைப் பசு எரிபொருளாக்கிக்கொள்கிறது. நஷ்டம் பசுவின் தலையில் ஏறுவதில்லை, உடையவரின் பையில் ஏறுகிறது.

ஈஸ்ட்டை எப்படி அடக்குவது? இதற்குத் தமிழ்நாட்டில் பதில் தேடப் பாடப்புத்தகம் தேவையில்லை. பனையில் பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் அது கள். பனையேறிகள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் இந்த வேலையைத்தான் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் கரும்பில் செய்து பார்த்தார்கள். நறுக்கிய கரும்பின் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் சுட்ட சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளித்தார்கள். காரம் ஏறியதும் ஈஸ்ட் சுணங்கியது, எத்தனால் குறைந்தது, நாரும் சற்று இளகியது. எல்லாச் சோதனையிலும் ஒரே அளவு பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் டன்னுக்கு ஐந்து முதல் பத்து கிலோ சுண்ணாம்பு பெரிய செலவும் இல்லை. சுட்ட கல் தண்ணீரில் கொதித்து அடங்கி, ஆறிய பிறகே தெளிக்க வேண்டும். கண்ணும் கையும் பத்திரம்.

இன்னொரு வழி, டன்னுக்கு ஐந்து முதல் பத்து கிலோ யூரியா. அது அம்மோனியாவாக மாறி ஈஸ்ட்டை ஒடுக்கும். கூடவே, கரும்பில் மிகக் குறைவாக உள்ள நைட்ரஜனையும் சேர்க்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றாலும் எச்சரிக்கை வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம். மூன்றாவது, லாக்டோபேசில்லஸ் புக்னெரி என்ற பாக்டீரியாத் தூள். லாக்டிக் அமிலத்தில் ஒரு பங்கை இது அசெட்டிக் அமிலமாக மாற்றும். ஈஸ்ட் லாக்டிக்குக்கு அஞ்சாது, அசெட்டிக்குக்கு அஞ்சும். நல்ல முறைதான், சரியான தூளை வாங்கிக் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டிய தொல்லை உண்டு.

கரும்பு காலை வாரும் இரண்டாவது இடம் புரதம். முழுக் கரும்பின் உலர் எடையில் புரதம் 2 முதல் 4 சதவீதம். வைக்கோலின் லட்சணமேதான். வைக்கோல் மட்டும் தின்ற மாட்டுக்குக் கரும்பையும் சேர்ப்பது, எரிபொருளைக் கூட்டிவிட்டு எந்திரத்தைச் சிறிதாகவே விடுவதற்குச் சமம். அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் பெருக நைட்ரஜன் வேண்டும். அது இல்லையேல் நார் செரிக்காமல் தங்கும். வயிறு காலியானால்தானே மாடு மேலும் தின்னும்?

இந்த முடிச்சை அவிழ்க்க ஆயுளைச் செலவிட்டவர்களில் ஒருவர் டி. ஆர். பிரெஸ்டன். ஆங்கிலேயரான இந்தக் கால்நடை விஞ்ஞானி, 1965-இல் கியூபாவில் தொடங்கிய கால்நடை அறிவியல் நிறுவனத்தை வழிநடத்தப் போனார். பின்னர் மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு என்று கரும்பு விளையும் நாடுகளிலேயே சுற்றினார். வெப்பநாடுகள் தானியத்தைப் போட்டு மாடு வளர்ப்பது தற்கொலை, தங்களிடம் மலிந்திருக்கும் கரும்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கரும்பும் யூரியாவும் மட்டும் கொடுத்தபோது கன்றுகள் உயிரோடு இருந்தன, வளரவில்லை. ஏனென்று தேடிப் பல பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1970-களின் நடுவில் மெக்சிகோவில் ஒன்று பிடிபட்டது. தினமும் கொஞ்சம் அரிசித் தவிடு சேர்த்ததும் கன்றுகளின் எடை கிடுகிடுவென்று ஏறியது. தவிட்டிலுள்ள புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றில் ஒரு பங்கு, அசையூண் வயிற்றில் சிதையாமல் தப்பிக் குடலுக்குப் போய்ச் சேருகிறது. கரும்பால் தர முடியாத குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் அது தருகிறது.

மெக்சிகோவில் தவிடு தேடிப் போக வேண்டியிருந்திருக்கும். வலங்கைமானில் அரிசி ஆலைச் சத்தம் காதில் விழாத ஊர் எது? கரும்பும் நெல்லும் ஒரே மண்ணில் விளையும் சீமைக்கென்றே வந்து சேர்ந்ததுபோல இருக்கிறது இந்தக் கண்டுபிடிப்பு. சம்பாவுக்குப் பின் விதைத்த உளுந்து, பயறு ஆகியவற்றின் கொடி, வேலியோர அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் தழை எல்லாம் அடுத்த வரிசை. கடலைப் புண்ணாக்கு கடைசி, அதன் விலையைப் பார்த்தபிறகு.

இனிப் பணக் கணக்கு. இதில் உணர்ச்சிவசப்பட வேண்டாம். 2024-25 அரவைப் பருவத்தில் தமிழக விவசாயிக்கு டன் கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த 3,151 ரூபாயும், மாநில ஊக்கத்தொகை 349 ரூபாயும் சேர்த்து 3,500 ரூபாய். கிலோ மூன்றரை ரூபாய் என்றால் மலிவாகத் தோன்றும். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். உலர்பொருளாகக் கணக்கிட்டால் கிலோ 11, 12 ரூபாய். மூட்டைக்குள் நான்கில் ஒரு பங்கு சாராயமாகிப் போனால் 15 ரூபாயைத் தாண்டும். வெட்டுக்கூலி, நறுக்குக்கூலி, மூட்டை எல்லாம் அதற்கு மேல். ஆவின் பசும்பாலுக்கு 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய் என்று ஆக்கியது. அந்த 38 ரூபாய்க்குள் புண்ணாக்கும் அடங்க வேண்டும், மருத்துவச் செலவும் அடங்க வேண்டும். ஆலை எடுத்துக்கொண்டு பணமும் ஒழுங்காகத் தரும் கரும்பை யாரும் மூட்டையில் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சொல்லப்போனால் கட்டக்கூடாது.

ஆலைக்குப் போகாத கரும்பு வேறு கதை. சாய்ந்து வேர்விட்டது, பருவம் தப்பியது, நாலாவது ஐந்தாவது மறுதாம்பில் இளைத்தது, விற்காத செங்கரும்பு. இவற்றுக்குச் சந்தை விலை சுழியம் நோக்கிப் போகையில் சைலேஜ் கணக்கு மேலே ஏறுகிறது. இவை எல்லாவற்றையும்விட முன்னால் நிற்க வேண்டியது கொழுந்தாடை.

கரும்பின் உச்சியில் பச்சைத் தோகையோடு வெட்டி வீசும் அந்தப் பகுதி, தரைக்கு மேலுள்ள மொத்தப் பயிரின் எடையில் 15 முதல் 25 சதவீதம். 40 டன் விளையும் ஏக்கரில் குறைத்துப் போட்டாலும் ஐந்தாறு டன் தேறும். புரதம் 5, 6 சதவீதம். முழுக் கரும்பைவிட மேல். நார் அதிகம், இனிப்புக் குறைவு. இனிப்புக் குறைவதால் ஈஸ்ட்டின் கொட்டமும் குறைகிறது; கரும்பைவிடக் கொழுந்தாடை அடக்கமாகப் பதப்படுகிறது. விலை? வெட்டாளர்களும் அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களும் கட்டு கட்டி எடுத்துப்போவது போக மிச்சம் வயலில் காய்ந்து, சோகையோடு சேர்ந்து தீக்கு இரையாகிறது. வெட்டு நடக்கும் நாலு நாளில் மாட்டுக்குத் திகட்டத் திகட்டக் கொழுந்தாடை. ஐந்தாம் நாள் மறுபடி வைக்கோல். இந்த நாலு நாள் விருந்தை நாலு மாதச் சாப்பாடாக மாற்றுவதுதான் வலங்கைமானில் கரும்பு சைலேஜ் என்பதற்கு உண்மையான பொருள்.

மொரீஷியஸ் தீவில் இதை நன்றாக அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியக் குடும்பங்கள், தமிழர்களும் அதில் உண்டு, கொட்டகையில் ஒன்றிரண்டு பசு கட்டி வளர்த்தன. ஜூன் தொடங்கி ஆண்டுக் கடைசிவரை நீளும் வெட்டுக் காலத்தில் அந்தப் பசுக்களுக்குத் தீனி கொழுந்தாடை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1986 ஜூலையில் டொமினிக்கன் குடியரசில் கூட்டிய கரும்புத் தீவன நிபுணர் கூட்டத்தில் மொரீஷியஸின் இந்த அனுபவமும் பேசப்பட்டது. மேய்ச்சல் நிலம் இல்லாத கரும்புத் தீவில் பால் கிடைத்ததே இந்தத் தலைப்பகுதியால்தான்.

கரும்பும் கோயம்புத்தூரும் சம்பந்தப்பட்ட ஒரு கிளைக்கதை இங்கே உண்டு. ஜப்பானின் தென்தீவுகளில் மாட்டுக்கென்றே ஒரு கரும்பு உருவாக்கினார்கள். கேஆர்எஃப்ஓ 93-1 என்று பெயர். தண்டு மெலிது, தூர் அதிகம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். அதன் தாய்வழியில் இருப்பது என்சிஓ 310. அந்தப் பெயரிலுள்ள முதல் எழுத்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலைக் குறிக்கும், அடுத்து வருவது கோயம்புத்தூரை. 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஒட்டுச்சேர்த்த விதை நேட்டாலுக்குப் போய், அங்கே முளைத்துத் தேர்ந்து, உலகம் சுற்றிய ரகம் அது. அதைக் காட்டுக் கரும்போடு சேர்த்துத்தான் ஜப்பானியர்கள் மாட்டுக் கரும்பு எடுத்தார்கள். பேக்கரும்பின் முரட்டு ரத்தத்தை நல்ல கரும்பில் ஏற்றும் வித்தையும் கோவைக்குக் கைவந்ததே. வட இந்தியாவை மாற்றிய கோ 205 பிறந்தது அப்படித்தான். டெல்டாவின் வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் அப்படியொரு மாட்டுக் கரும்பு ஏன் வரக்கூடாது என்று கோவையைக் கேட்பதில் தவறில்லை.

வேலைக்கு வருவோம். சைலேஜ் என்றதும் குழி வெட்டச் சொல்லும் கையேடுகள் மேட்டு நிலத்துக்கு எழுதியவை. குடமுருட்டிக்கும் வெட்டாற்றுக்கும் நடுவே ஐப்பசியில் குழி வெட்டினால் அது குளம். இங்கே தரைக்கு மேலேதான் எல்லாம்: மேடான களத்தில் தார்ப்பாய் விரித்துக் குவியல், அல்லது உள்ளுறை போட்ட பிளாஸ்டிக் மூட்டை, அல்லது மூடியும் வளையமும் உள்ள 200 லிட்டர் டிரம். இரண்டு பசு வைத்திருப்பவருக்கு மூட்டைதான் சரி. பசுவுக்கு நாள் ஒன்றுக்குப் பதினைந்து கிலோ என்றால் 50 கிலோ மூட்டை ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். இது முக்கியம், ஏனென்றால் இனிப்பு மிச்சமுள்ள சைலேஜ் திறந்ததும் மீண்டும் ஈஸ்ட்டுக்கு விருந்தாகிறது. சித்திரை வெயிலில் திறந்து வைத்த குவியல் மாலைக்குள் கைசுடும். கதகதப்பும் பூஞ்சையும் கண்டால் அந்தப் பகுதியை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். மாட்டுக்குத்தானே என்று போட்டுவிடக் கூடாது.

வெட்டிய அன்றைக்கே நறுக்க வேண்டும். விரல் கணுவளவு நீளம் போதும். நீளமாக இருந்தால் இடையில் காற்று நிற்கும், மாடும் நுனியைத் தின்று அடியைத் தள்ளும். இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருந்தால் தோகை கிழியுமே தவிர நறுக்கப்படாது. வாரம் ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீரோ யூரியாக் கரைசலோ பூவாளியால் அடுக்கடுக்காகத் தெளித்து, ஏறி மிதித்து, காற்றைப் பிழிந்து கட்ட வேண்டும். எலி ஓட்டை போட்டால் மூட்டை போயிற்று. டெல்டாவில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் பரண்மேல் அடுக்குவது நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் மூடி இருக்கட்டும். தை, மாசியில் கட்டியது பங்குனிக் கடைசியில் திறக்கச் சரியாக வரும்.

யூரியாவைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இதுதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு யூரியா கலந்த எதுவும் ஆகாது. பட்டினி கிடந்த மாட்டுக்கு ஒரேயடியாகப் போடக்கூடாது. கரையாத கட்டி ஒரே இடத்தில் தங்கினால் அதைத் தின்ற மாடு அரை மணி, ஒரு மணி நேரத்தில் நடுங்கி, வயிறு ஊதி விழும். காடியைக் குளிர்ந்த நீரில் கலந்து புகட்டியபடி கால்நடை மருத்துவரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. யூரியா போட்டுப் பதப்படுத்திய வைக்கோலும், யூரியா கலந்த சைலேஜும், யூரியா உள்ள தாது உப்புக் கட்டியும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் யார் கணக்கும் நிற்காது. மூன்றில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. எந்த அளவு தமக்குப் பொருந்தும் என்பதை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டு முடிவு செய்வது நல்லது.

பத்து லிட்டர் கறக்கும் 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாளுக்கு ஏறத்தாழ 12 கிலோ உலர்பொருளும், அதில் ஒன்றேகால் கிலோ புரதமும் தேவை. 15 கிலோ கொழுந்தாடைச் சைலேஜும் 4 கிலோ வைக்கோலும் போட்டால் உலர்பொருளில் எட்டுக் கிலோ கிடைத்துவிடும். புரதத்தில் கிடைப்பது முந்நூற்றைம்பது கிராம்தான். மீதியைத் தவிடும் புண்ணாக்கும் தழையும் உளுந்தங்கொடியும் கொண்டுவர வேண்டும். பாஸ்பரஸும் கரும்பில் குறைவு. சுண்ணாம்பு போட்டால் கால்சியம் ஏறி அந்தப் பொருத்தம் மேலும் கெடும். தாது உப்புக் கலவையை மறந்தால் சினை பிடிக்காமல் நிற்கும் மாடு அதை ஞாபகப்படுத்தும். இருபது லிட்டர் கறவைக்கு இந்தத் தீவனத்தை முதன்மையாக நம்புவது வீண். சினைப்பசு, பால் வற்றிய பசு, கிடாரி, எட்டுப் பத்து லிட்டர் கறவை ஆகியவற்றுக்குப் பொருத்தம்.

பழக்குவது மெல்ல. முதல் வாரம் மூன்று, நாலு கிலோ; வைக்கோலோடு கலந்து. மூட்டையைத் திறந்ததும் போடாமல் கொஞ்ச நேரம் பரப்பி வைத்தால் சாராய நெடி தணியும். கறப்பதற்கு முன்னால் போடாமல் கறந்த பிறகு போட்டால் பாலில் வாசம் ஏறாது; சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சைலேஜ் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூக்கை மட்டும் நம்ப முடியாது. கரும்பு சைலேஜின் மணம் ஏமாற்றும். தராசை நம்பலாம். சுண்ணாம்பு போட்டது இரண்டு மூட்டை, யூரியா போட்டது இரண்டு, எதுவும் போடாதது இரண்டு என்று முதல் பருவத்தில் சோதனையாகக் கட்டி, கட்டிய அன்று எடைபோட்டு மூட்டைமேல் எழுதிவைக்க வேண்டும். திறக்கும் நாளில் மறுபடி எடைபோட்டால், வாயுவாகவும் ஒழுகலாகவும் போனது எவ்வளவு என்று கிலோவில் தெரிந்துவிடும். எது அதிகம் இளைத்ததோ அந்த முறையை அடுத்த தையில் விட்டுவிடலாம்.